ஓடுகிற பிள்ளையின் கொப்பி: ஊக்கமருந்துத் தடையில் மாட்டாமல் இருக்க வன்னியில் நாம் செய்ய வேண்டியவை

இரண்டு வருடத்துக்கு முன், சிறுபோக அறுவடை நடந்த கிழமை. என்னிடம் 200 மீற்றர் பயிற்சிக்கு வரும் 17 வயதுப் பிள்ளை மைதானத்துக்கு வந்து, “சேர், வெட்டுமெசின் தூசியில மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது, மருந்து எடுத்திட்டன்” என்று சொல்லி ஒரு சின்னக் கடதாசிக் கவரை நீட்டினாள். மாகாண மட்டத்தில் முதலாமிடம் எடுத்த பிள்ளை, தேசிய மட்டத்துக்கு இன்னும் 4 நாள். கவருக்குள் நாலு விதமான குளிசைகள், இரண்டு வெள்ளை, ஒரு சின்ன மஞ்சள், ஒரு செம்மஞ்சள். கவரின் மேல் பேனையால் “காலை 1 இரவு 1” என்று இருந்ததைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த டிஸ்பென்சரிக்குப் போனேன். “ஓடுற பிள்ளைக்கு மருந்தின்ர பேர் என்னத்துக்கு?” என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். அரை மணித்தியாலம் நின்ற பிறகுதான் ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள்: பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டீரொய்ட், தொய்வுக்குக் கொடுக்கிற சல்பியூட்டமோல் குளிசை, பிரிட்டன் என்கிற அலர்ஜிக் குளிசை, விற்றமின் சி. முதல் இரண்டும் தடைப்பட்டியலில் இருப்பவை. பிள்ளையோ ஏற்கெனவே மூன்று வேளை விழுங்கிவிட்டாள். தாய் தகப்பனோடு அன்றிரவு அவர்கள் வீட்டு முற்றத்தில் இருந்து கதைத்து, அந்தப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம். அவள் அழுதாள், மருந்தை விட்டுவிட்டு ஓடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு மருந்தை நிறுத்தி ஓடவிடுவது அடுத்த பெரிய பிழை.

அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நான் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊக்கமருந்து என்றதும் எங்கள் ஆட்கள் நினைப்பது எங்கோ வெளிநாட்டில், பெரிய பெரிய ஓட்டக்காரர் களவாக ஊசி போட்டுக்கொள்வதை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஓடுகிற பிள்ளைக்கு ஆபத்து வருகிற வழி வேறு. அது கடதாசிக் கவரில் வரும், கனடாவிலிருந்து வருகிற டின்னில் வரும், லேகியப் போத்தலில் வரும். கொண்டுவந்து தருகிறவர் அந்தப் பிள்ளையில் அன்பு உள்ளவராகத்தான் இருப்பார்.

4 வருடம் என்றால் எவ்வளவு

குறுந்தூர ஓட்டத்தில் ஒரு ஆளுக்கு நல்ல காலம் என்று இருப்பதே ஏழெட்டு வருடம்தான். வேண்டுமென்றே எடுத்தது என்று தீர்ந்தால் தடை 4 வருடம். “குறிப்பிட்ட பொருள்” என்று பிரித்து வைத்திருக்கும் மருந்துகளில் மாட்டி, வேண்டுமென்று எடுத்ததாக நிரூபிக்கப்படாவிட்டால் பொதுவாக 2 வருடத்தில் தொடங்கி, காரணத்தைக் காட்டினால் குறையும். 18 வயதில் 4 வருடம் போனால் 22 வயதில்தான் திரும்ப வரலாம், அதற்குள் விளையாட்டுத் திறமை வழியாகக் கிடைக்கிற பல்கலைக்கழக அனுமதி போய்விடும், பொலிஸ் அணி, இராணுவ அணி, கழகம் என்று திறக்கக்கூடிய கதவுகள் எல்லாம் பூட்டிவிடும். எங்கள் பக்கத்தில் ஸ்பைக்ஸ் வாங்க ஒரு போகத்து நெல்லுக் காசை ஒதுக்கின குடும்பங்கள் இருக்கின்றன, அதையும் நினைக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜஸ்டின் காட்லினைப் பாருங்கள். 2001இல் 19 வயதில் பிடிபட்டார். சின்ன வயதிலிருந்தே கவனக்குறைபாட்டுக்கு எடுத்துவந்த மருந்தில் இருந்த அம்பெட்டமைன்தான் காரணம். 2 வருடத் தடை விதித்து, பிறகு ஒரு வருடத்தோடு விட்டார்கள். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.85 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தார். 2006இல் டெஸ்டோஸ்டெரோன். முதலாவது வழக்கு கணக்கில் இருந்ததால் இரண்டாவது இன்னும் பாரமாக விழுந்தது, 8 வருடம் என்று தொடங்கி 4 வருடத்தில் நின்றது. அந்த வருடம் டோகாவில் உலக சாதனையைச் சமப்படுத்தி ஓடிய 9.77 பதிவிலிருந்து அழிந்தது. 24 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு ஓட்டக்காரனின் கால்கள் உச்சத்தில் இருக்கிற வருடங்கள் முழுவதும் போய்விட்டன. திரும்பி வந்து 2017இல் லண்டனில், 35 வயதில், உசைன் போல்ட்டை முந்தி 9.92இல் உலகச் சம்பியன் ஆனபோது மைதானம் முழுக்க “பூ” என்று கூவியது. காட்லின் செய்தது சரியா பிழையா என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பிள்ளைப் பருவத்து மருந்து ஒன்று, கடதாசி வேலை சரியாகச் செய்யப்படாததால், ஒரு ஆளின் பெயரில் எத்தனை வருடம் ஒட்டிக்கொண்டு கிடந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

விதியின் அடித்தளம் ஒன்றே ஒன்றுதான்: உங்கள் உடம்புக்குள் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. யார் தந்தது, தெரிந்து எடுத்ததா, தெரியாமல் எடுத்ததா என்பதெல்லாம் தண்டனை எவ்வளவு என்கிற இடத்தில்தான் வரும். குற்றம் இருக்கிறதா என்கிற இடத்தில் அந்தக் கேள்விகள் எடுபடாது. பாடசாலைப் பிள்ளைதானே என்று விடவும் மாட்டார்கள், பரிசோதனைக்குக் குறைந்த வயது என்று ஒன்று இல்லை. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஸ்லாடா, அதாவது இலங்கை ஊக்கமருந்து எதிர்ப்பு முகவர் நிலையம், இதைப் பார்க்கிறது. தடைப்பட்டியலை உலக ஊக்கமருந்து எதிர்ப்பு நிறுவனம் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் புதுப்பிக்கிறது, அதனால் போன வருடம் சரியாக இருந்தது என்பது இந்த வருடத்துக்குப் பதில் ஆகாது. டிரமடோல் என்கிற நோவுக்குளிசை 2023 வரை பட்டியலில் இல்லை, 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை.

கொப்பி

80 தாள் கொப்பி ஒன்று வாங்குங்கள். அது ஓடுகிற பிள்ளையின் பையில், ஸ்பைக்ஸோடு இருக்க வேண்டும், வீட்டு அலுமாரிக்குள் இருந்து பலனில்லை. வாயால், மூக்கால், ஊசியால், தோலால் உள்ளே போகும் எந்த மருந்தும், எந்தச் சத்துமாவும் அதில் எழுதப்பட வேண்டும்: திகதி, நேரம், பொருளின் மருந்துப் பெயர், அளவு, தந்தவர் யார், எந்த வருத்தத்துக்கு. பெட்டியில் அடித்திருக்கும் தொகுதி இலக்கத்தையும் எழுதுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் காணாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எடுங்கள், நல்லதுதான், ஆனால் போன் உடையும், விற்கப்படும், மெமரி நிறையும். கொப்பி கிடக்கும். வெறும் டப்பாவையும் எறியாதீர்கள், ஒரு சொப்பிங் பையில் போட்டு மூன்று மாதமாவது வைத்திருங்கள். பிறகு ஒரு நாள் “இதிலிருந்துதான் வந்தது” என்று நிரூபிக்க வேண்டி வந்தால் அந்த மிச்சத் தூளைத்தான் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டிவரும்.

மருந்துப் பெயர் என்று சொன்னேன். பாமசியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான பெயர். தடைப்பட்டியலில் இருப்பது சின்ன எழுத்துப் பெயர். வெளிநாட்டுக்காரர் பயன்படுத்துகிற மருந்து தேடும் இணையத்தளங்களில் அந்தந்த நாட்டில் விற்கிற மருந்துகள்தான் இருக்கும், எங்கள் பாமசியில் இருக்கும் இந்தியக் குளிசையின் கம்பனிப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. ஒன்றும் வரவில்லை என்பதால் தடையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன எழுத்துப் பெயரைப் பட்டியலில் தேடுங்கள், அப்போதும் விளங்காவிட்டால் ஸ்லாடாவுக்கு அழைத்துக் கேளுங்கள், கேட்ட நாளையும் சொன்ன பதிலையும் கொப்பியில் எழுதுங்கள்.

டிஸ்பென்சரியில், ஆஸ்பத்திரியில், பரியாரியிடம்

டொக்டருக்கு முன்னால் இருந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வசனம்: “டொக்டர், நான் போட்டிக்கு ஓடுறனான், ஊக்கமருந்துப் பரிசோதனை வரும், தடையில்லாத மருந்து இருக்கா?” பிள்ளை வெட்கப்பட்டால் தாய் சொல்லட்டும். கூடவே, தருகிற ஒவ்வொரு குளிசையின் பெயரையும் துண்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். கேட்டுக்கொண்டே நில்லுங்கள்.

தொய்வு உள்ள பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் கனக்க, தூசியும் புகையும் அப்படி. சல்பியூட்டமோலை வாயால் இழுக்கிற பம்பாக எடுத்தால் ஓர் அளவு வரை அனுமதி: 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணித்தியாலத்திலும் 600க்கு மேல் போகக் கூடாது. வழமையான பம்பில் ஒரு இழுவை 100 மைக்ரோகிராம், ஆகவே 8 மணித்தியாலத்துக்கு 6 இழுவை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதே சல்பியூட்டமோல் குளிசையாகவோ பாணியாகவோ வந்தால் எப்போதுமே தடை, போட்டி இருக்கிறதோ இல்லையோ. ஒரே மருந்து, எடுக்கிற வழிதான் வேறு. இந்த ஒன்றை மட்டும் எங்கள் டிஸ்பென்சரிகளும் பெற்றோரும் விளங்கிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் போன்றவை வாயாலும் ஊசியாலும் போட்டிக் காலத்தில் தடை, பம்பாக இழுக்கிற ஸ்டீரொய்ட் டொக்டர் சொன்ன அளவில் சரி. வாயால் எடுத்த ஸ்டீரொய்ட் கடைசிக் குளிசையிலிருந்து உடம்பை விட்டுப் போகப் பொதுவாக 3 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் தசையில் போடுகிற ட்ரையம்சினோலோன் ஊசிக்கு 60 நாள். முழங்கால் நோவுக்கு “ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்” என்று யாரும் சொன்னால் ஊசியின் பெயரைக் கேட்காமல் கையை நீட்டாதீர்கள். போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முதல் நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடும், அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

வேறு வழியில்லை, அந்த மருந்துதான் வேண்டும் என்றால் அதற்கும் பாதை இருக்கிறது. சிகிச்சைக்கான விலக்கு அனுமதி என்று ஒரு படிவம் உண்டு, டொக்டரின் அறிக்கையோடு ஸ்லாடாவுக்கு அனுப்ப வேண்டும், போட்டிக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் அனுப்புவது முறை. இன்சுலின் போடுகிற பிள்ளை ஓடலாம், இந்த அனுமதி கையில் இருந்தால். அவசர சிகிச்சை என்றால் பிறகும் விண்ணப்பிக்கலாம், அதற்குத்தான் ஆஸ்பத்திரித் துண்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

சேலைன். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏ9 வீதி வெயிலில் ஓடிவிட்டுக் களைத்து விழுந்த பிள்ளைக்கு உடனே சேலைன் ஏற்றுவது எங்கள் ஊர் வழக்கம். 12 மணித்தியாலத்தில் 100 மில்லி லீற்றருக்கு மேல் நாளத்தால் எதை ஏற்றினாலும் தடை, உள்ளே இருப்பது வெறும் உப்புத் தண்ணியாக இருந்தாலும். ஆஸ்பத்திரியில் உண்மையான சிகிச்சையின் பகுதியாக ஏற்றினால் அது விலக்கு. டெங்கு வந்து வாட்டில் கிடக்கிற பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. “தெம்புக்கு ஒரு போத்தல்” என்று தனியார் இடத்தில் ஏற்றினால் பிரச்சினை.

அம்மம்மாவின் பிரசர் குளிசையைப் பிள்ளை எடுப்பானா என்று கேட்பீர்கள். கால் வீங்கிவிட்டது, தண்ணி வத்தட்டும் என்று வீட்டில் கிடந்த ஃபுரொசமைட்டைப் பாதி உடைத்துக் கொடுத்த தாயை எனக்குத் தெரியும். சிறுநீர் போக்கும் மருந்துகள் எல்லாம் எப்போதும் தடை, ஏனென்றால் வேறு மருந்தை மறைக்க அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

முறிவு நெரிவுக்குப் பரியாரியிடம் போவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, என்னுடைய கணுக்காலும் புக்கை கட்டித்தான் மாறினது. வெளியே கட்டுகிற பத்து, ஒத்தடம் என்று நிற்கட்டும், பெயர் எழுதாத தூளும் உருண்டையும் வாய்க்குள் போக வேண்டாம். எங்கள் நாட்டு கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கிண்ணத்தின்போது தோள்பட்டை நோவுக்கு ஒரு மூலிகை மருந்து எடுத்தார், பரிசோதனையில் பிரெட்னிசொலோன் வந்தது, 3 மாதத் தடை. மூலிகை என்று சொல்லித் தந்ததற்குள் ஸ்டீரொய்ட் இருந்தது. கஞ்சா சேர்க்கிற லேகியங்களும் கடைகளில் கிடைக்கின்றன, அதுவும் போட்டிக் காலத்தில் தடை. அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சன் 2021இல் தெரிவுப் போட்டியில் முதலாவதாக வந்தும் கஞ்சாவால் ஒரு மாதத் தடை வாங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட முடியாமல் போனார்.

வெளிநாட்டு டின்

கனடாவிலிருந்து சித்தப்பா பெட்டி அனுப்பியிருப்பார். சவர்க்காரம், சொக்கலேற், சப்பாத்து, அதோடு பெரிய கறுப்பு டின் ஒன்று. மூடியைத் திறந்தால் வனிலா வாசம். பிள்ளைக்கு வாயூறும், சித்தப்பா போனில் “அதைக் குடிச்சுப்போட்டு ஓடு, அங்கத்தைப் பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் குடிக்கினம்” என்பார். அவர் அன்பில்தான் சொல்கிறார். உழைத்த காசில் வாங்கி அனுப்புகிற மனுசனை மனம் நோகப் பேசக் கூடாது. அதே நேரம் டின்னைத் திருப்பி, பின்பக்கத்து எழுத்தை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு வீட்டில் இருந்து இப்படி ஒரு டின்னை நானும் தகப்பனும் டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தோம். முன்பக்கத்தில் “இயற்கை” என்று இலைப் படம். பின்னால் “தனிக் கலவை” என்று ஒரு வரி, அதற்குக் கீழ் பதினைந்துக்கு மேல் பெயர்கள், எது எவ்வளவு என்று அளவு இல்லை. அதில் ஹைஜெனமைன் இருந்தது, அது ஒரு செடியிலிருந்து வருவது, ஆனால் தடைப்பட்டியலில் பெயரோடு இருக்கிறது. மெதைல்ஹெக்ஸனமைன் என்பதும் இப்படித்தான், ஜெரேனியம் சாறு என்று எழுதியிருப்பார்கள். வெறும் புரதமாவும் கிரியேட்டினும் தடைப்பட்ட பொருட்கள் அல்ல, அது உண்மை. ஆனால் அதே தொழிற்சாலையில் அதே இயந்திரத்தில் வேறு என்ன அரைத்தார்கள் என்பதை டின் சொல்லாது.

இதில் மாட்டினவர்களின் பட்டியல் நீளம். யமேக்காவின் அசாபா பவல், 100 மீற்றரை 9.72இல் ஓடியவர், 2013இல் ஒரு சத்துப்பொருளில் இருந்த ஒக்ஸிலோபிரினால் 18 மாதத் தடை வாங்கி, மேன்முறையீட்டில் அது 6 மாதமாகக் குறைந்தது. பிரித்தானியாவின் சி.ஜே. உஜாவின் கதைதான் என் மனதை விட்டுப் போகவில்லை. டோக்கியோவில் 4 தர 100 மீற்றர் அஞ்சலில் இத்தாலிக்கு 0.01 செக்கனால் தங்கத்தை விட்டு வெள்ளி எடுத்தார்கள். பிறகு உஜாவின் மாதிரியில் இரண்டு தடைப் பொருட்கள். கலப்படமான சத்துப்பொருள் மூலம் வந்தது, வேண்டுமென்று எடுக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் 22 மாதத் தடை, நாலு பேரின் வெள்ளிப் பதக்கமும் போனது. மற்ற மூன்று பேர் ஒன்றும் செய்யவில்லை. 2008 பெய்ஜிங்கில் போல்ட்டோடு அஞ்சல் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியைப் பிறகு மீண்டும் சோதித்ததில் மெதைல்ஹெக்ஸனமைன் வந்தது, 2017இல் அணியின் தங்கம் பறிபோய் போல்ட்டின் ஒன்பது ஒலிம்பிக் தங்கம் எட்டாகிவிட்டது. மாதிரிகளை 10 வருடம் வரை வைத்திருந்து சோதிக்கலாம். அஞ்சல் ஓடுகிற பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லித்தான் கோலைக் கையில் கொடுக்கிறேன்.

சித்தப்பாவிடம் என்ன சொல்வது? “சித்தப்பா, டின் வேண்டாம், அந்தக் காசில ஒரு நல்ல ஸ்பைக்ஸ் அனுப்புங்கோ” என்று சொல்லச் சொல்லுங்கள். சத்துக்கு எங்களிடம் இல்லாததா. முட்டை, கச்சான், கௌபி, பயறு, உழுத்தங்களி, குரக்கன், இரணைமடுக் குளத்து மீன். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் என்பது என் பிள்ளைகளின் வழமை, 200 மீற்றருக்கு அது தாராளம். பெரிய மட்டத்துக்குப் போய் உண்மையிலேயே சத்துப்பொருள் தேவைப்பட்டால், தொகுதி தொகுதியாகச் சோதித்துச் சான்று கொடுத்த பொருளை மட்டும், தொகுதி இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவிட்டு எடுங்கள். அதிலும் ஆபத்து குறையுமே ஒழிய இல்லாமல் போகாது.

தெரிந்தே எடுக்கச் சொல்லுகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம்மிலோ வேறு இடத்திலோ “ஒரு கோர்ஸ் போட்டால் அரைச் செக்கன் குறையும்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்துக்குப் பிள்ளையை இனி அனுப்பாதீர்கள். மருந்து தருகிற பயிற்றுநருக்கும் தடை உண்டு. கனடாவின் பென் ஜோன்சன் 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.79இல் ஓடியும் மூன்று நாளில் தங்கத்தை இழந்தார், 1993இல் ஆயுள் தடை. சிட்னியில் 2000இல் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்த எங்கள் சுசந்திகா ஜயசிங்கவுக்கு வெள்ளி 2009இல்தான் முடிவானது, முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் 2007இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டதால். தன் வெள்ளிக்கு ஒன்பது வருடம் காத்திருந்தார். அவர் நின்றிருக்க வேண்டிய மேடைப் படி அன்றைக்கு வேறு ஆளுக்குப் போய்விட்டது.

பரிசோதனைக்குக் கூப்பிட்டால்

ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது அடையாள அட்டையோடு ஒருவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பயப்பட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். மறுப்பது பிடிபட்டதற்குச் சமம், 4 வருடம் வரை போகும். அட்டையைப் பாருங்கள், கையெழுத்து வையுங்கள், “என் பயிற்றுநர் கூட வரவேண்டும்” என்று கேளுங்கள், 18க்குக் கீழ் என்றால் பெரிய ஆள் இல்லாமல் தனியே போகவே வேண்டாம். சிங்களம், ஆங்கிலம் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லி மொழிபெயர்க்க ஆள் கேட்பது உங்கள் உரிமை. விளங்காமல் தலையாட்டாதீர்கள். எங்கள் பிள்ளைகள் பெரிய இடத்துக்குப் போனால் தலையாட்டுவார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அந்த நேரத்திலிருந்து அவர்கள் கண் முன்னால்தான் நிற்க வேண்டும். மூடி உடைக்காத போத்தல் தண்ணியை மட்டும், நீங்களே திறந்து குடியுங்கள். அளவுக்கு மேல் குடித்தால் சிறுநீர் ஐதாகிவிடும், பிறகு திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டு இரவாகும். பெட்டிகளில் ஒன்றை நீங்களே தெரிவு செய்யுங்கள். கண்ணாடிப் போத்தல் இரண்டு இருக்கும், ஏ என்றும் பி என்றும். போத்தலில் உள்ள இலக்கம், மூடியில் உள்ள இலக்கம், கடதாசியில் எழுதின இலக்கம் மூன்றும் ஒன்றா என்று விரல் வைத்து வாசியுங்கள். 90 மில்லி லீற்றர் வேண்டும், உங்கள் பாலைச் சேர்ந்த ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார், அது கூச்சமான விசயம்தான், முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். ஊற்றுவதும் மூடி இறுக்குவதும் உங்கள் கையால். கடைசி 7 நாள் எடுத்த மருந்தைக் கேட்பார்கள், அப்போதுதான் கொப்பி வெளியே வர வேண்டும், ஒன்று விடாமல் எழுதுவியுங்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால் கருத்து எழுதும் பெட்டியில் தமிழிலேயே எழுதுங்கள். பிரதியைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தேசிய அளவில் உயர்ந்து பரிசோதனைத் தொகுதியில், அதாவது எந்த நாளும் வந்து சோதிக்கக்கூடியவர்களின் பட்டியலில், பெயர் சேர்ந்தால், ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பீர்கள் என்று அறிவிக்க வேண்டும், அதில் குறித்த ஒரு மணித்தியாலத்தில் அந்த இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தரம் தவறினால், சிறுநீர் முழுக்கச் சுத்தமாக இருந்தாலும் தடை. 2019இல் 100 மீற்றர் உலகச் சம்பியன் ஆன கிறிஸ்டியன் கோல்மன் ஒருபோதும் மருந்தில் பிடிபட்டதில்லை, இந்த இருப்பிட விதியில்தான் 18 மாதம் இழந்து டோக்கியோவும் போனது. எங்கள் குடியேற்றக் கிராமங்களில் கன வீட்டுக்கு இலக்கம் இல்லை, “குளக்கட்டால் இறங்கி, வைரவர் கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது படலை” என்றுதான் வழி. அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், சிக்னல் பிடிக்கிற இலக்கத்தைக் கொடுங்கள், அறுவடைக்கு வயலில் தங்கப் போகிறீர்கள் என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

கடிதம் வந்துவிட்டால்

பரிசோதனையில் மாட்டியதாகக் கடிதம் வந்தால் முதல் வேலை, போட்டிகளில் ஓடுவதை நிறுத்துவது. இடைக்காலத் தடை வந்த பிறகு ஒரு கழகப் போட்டியில் ஓடினாலும் வழக்கு இறுகும். இரண்டாவது, கொப்பி, வெறும் டப்பாக்கள், ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைப்பது. மூன்றாவது, கடிதத்தில் இருக்கும் கடைசித் திகதியை வட்டமிடுவது. பி மாதிரியைத் திறந்து சோதிக்கக் கேட்கலாம், ஆய்வுகூட ஆவணங்களைக் கேட்கலாம். ஆய்வுகூடமும் பிழை விடும்: எங்கள் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை 2015 டிசம்பரில் இடைநிறுத்தி, 2016 மே மாதம் அந்தக் கண்டுபிடிப்பு நிற்காது என்று விடுவித்தார்கள், இடையில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணம் போய்விட்டது. உண்மையிலேயே எடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். 4 வருடம் வரக்கூடிய வழக்கில் குற்றச்சாட்டுக் கிடைத்து 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஒரு வருடம் குறையும். பொய்க் கடிதம் எழுதித் தர யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது இன்னொரு குற்றம்.

தடைக் காலத்தில் போட்டியும் இல்லை, அணியோடு பயிற்சியும் இல்லை, கழகப் போட்டியில் கொடி பிடிக்கவும் கூடாது. தனியே ஓடலாம். கடைசி இரண்டு மாதம் அல்லது தடையின் கடைசிக் காற்பங்கு, எது குறைவோ அந்தக் காலத்தில் அணிக்குள் திரும்பலாம். அதுவரை குளக்கட்டும் மண் ஒழுங்கையும் இருக்கின்றன. யாராவது ஒருவர் பின்னேரங்களில் கூடப் போய் நேரம் பிடியுங்கள், அந்த மாதங்களில் பிள்ளை ஆரோடும் கதைக்காமல் அறைக்குள் கிடப்பதுதான் எனக்குப் பெரிய பயம். படிப்பை விடவும் விடாதீர்கள்.

தொடக்கத்தில் சொன்ன பிள்ளை பம்புக்கு மாறி, அடுத்த வருடம் தேசிய மட்டத்தில் ஓடினாள், இறுதிப் போட்டியில் ஐந்தாமிடம். இப்போது அவளுடைய மூன்றாவது கொப்பி.

அடிக்கடி கேட்கிற சிலதுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பனடோல் போடலாமா? போடலாம், ஐபுபுரொபென், டைக்ளோபெனக் கூடத் தடையில்லை. தடிமனுக்குக் கொடுக்கிற கலவைக் குளிசை? அதில் சூடோஎபெட்ரின் இருந்தால் போட்டிக் காலத்தில் அளவு தாண்டினால் தடை, ஆகவே பெயர் பார்க்காமல் வேண்டாம். பிரிட்டன் சரி. பிளேன்ரீ குடிக்கலாமா? தாராளமாக. மல்லியும் வேர்க்கொம்பும் வீட்டில் அவித்துக் குடிக்கலாமா? குடிக்கலாம். அதைக்கூடக் கொப்பியில் எழுத வேண்டுமா என்று போன கிழமை ஒரு சின்னப் பொடியன் கேட்டான். எழுதினால் நல்லது என்றேன், எழுதிவிட்டான்.